பிளேஸ்மென்ட் செல் வேறு, தொழில்நெறி வழிகாட்டல் வேறு

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் வேலையைப் பற்றிய பேச்சு முறையாகத் தொடங்குவது ஆறாம் செமஸ்டரின் கடைசியில்தான். சில நாள் ஆப்டிட்யூட் பயிற்சி, ஒரு ரெஸ்யூமே வகுப்பு, ஒரு மாதிரி நேர்முகத் தேர்வு. ஏழாம் செமஸ்டர் பிறந்ததும் நிறுவனங்கள் வரத் தொடங்கிவிடும். கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் இந்த அளவுகூட இருப்பதில்லை. இறுதியாண்டு முடியப்போகும் நேரத்தில் ஒரு வேலைவாய்ப்பு முகாம், அத்தோடு சரி.

ஆனால் இரண்டாம் ஆண்டில் விழுந்த அரியர், மூன்றாம் ஆண்டில் யாரையும் கேட்காமல் எடுத்த விருப்பப் பாடம், கோடை விடுமுறையில் செய்யாமல் விட்ட இன்டர்ன்ஷிப், விண்ணப்பத் தேதி தெரியாமல் தவறிய கேட் (GATE, எம்.டெக். சேர்வதற்கான நுழைவுத் தேர்வு) ஆகியவற்றில் எதையும் இறுதியாண்டின் பத்து நாள் பயிற்சியால் சரிசெய்ய முடியாது. பல்கலைக்கழக அளவில் தரப்படும் வழிகாட்டல் மாணவரின் வேலைபெறும் தகுதியை உயர்த்துமா என்று கேட்டால், உயர்த்தும் என்பதற்குச் சான்று இருக்கிறது. எப்போது, எந்த வடிவில், யார் தருகிறார்கள் என்பதைப் பொறுத்துப் பலன் பெரிதும் மாறுகிறது.

பிளேஸ்மென்ட் செல்லின் வேலை நிறுவனங்களை அழைப்பது, தகுதிப் பட்டியல் தயாரிப்பது, தேர்வு நாளை ஒழுங்குபடுத்துவது. அது தேவையான வேலைதான். தொழில்நெறி வழிகாட்டல் அதைவிட விரிந்தது. பிரிட்டனில் பில் லா, டோனி வாட்ஸ் இருவரும் 1977இல் வகுத்த சட்டகம் இன்றும் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பயன்படுகிறது. அதில் நான்கு பகுதிகள்: தன்னை அறிதல், வாய்ப்புகளை அறிதல், முடிவெடுக்கக் கற்றல், படிப்பிலிருந்து வேலைக்கு நகரக் கற்றல். நம் கல்லூரிகளில் பெரும்பாலும் நடப்பது நான்காவது மட்டும். முதல் மூன்றும் நடக்காத மாணவருக்கு நான்காவதைச் சொல்லிக்கொடுத்தால், எந்த வேலைக்கு என்றே தெரியாமல் நேர்முகத் தேர்வுக்குத் தயாராவார்.

வேலை கிடைப்பதும் வேலைபெறும் தகுதியும் ஒன்றல்ல என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 2023-24இல் பெரிய ஐடி நிறுவனங்கள் வளாகத் தேர்வைக் குறைத்தபோது, முந்தைய பேட்ச்சில் எளிதாகத் தேர்வாகியிருக்கக் கூடிய மாணவர்கள் கையில் ஆஃபர் இல்லாமல் வெளியேறினார்கள். அவர்களின் தகுதி ஓராண்டில் குறைந்துவிடவில்லை, சந்தை சுருங்கியது. ஒரே வகை நிறுவனத்தை மட்டும் நம்பாமல், இரண்டாவது மூன்றாவது வழியையும் தெரிந்து வைத்திருந்தவர்களால் அந்த ஆண்டைத் தாண்ட முடிந்தது. அந்த மாற்று வழிகளைக் கண்டுபிடிக்க உதவுவதுதான் வழிகாட்டல்.

சான்றுகள் என்ன சொல்கின்றன

எங்கள் வழிகாட்டல் வகுப்புக்கு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு வேலை கிடைத்தது என்று ஒரு கல்லூரி சொன்னால் அதை அப்படியே ஏற்க முடியாது. வகுப்புக்குத் தானாக வருபவர் ஏற்கெனவே முனைப்புள்ளவர். வராதிருந்தாலும் அவருக்கு வேலை கிடைத்திருக்கலாம். இந்தச் சிக்கலைத் தவிர்க்க, பயிற்சி பெற்ற குழுவையும் பெறாத குழுவையும் ஒப்பிடும் ஆய்வுகளைப் பார்க்க வேண்டும். வேலை தேடுவோருக்கான உதவித் திட்டங்கள் பற்றிய இத்தகைய 47 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஒரு பகுப்பாய்வில், பயிற்சி பெற்றவர்கள் வேலை பெறுவதற்கான வாய்ப்பு விகிதம் (வேலை பெற்றவர் எண்ணிக்கையைப் பெறாதவர் எண்ணிக்கையால் வகுத்தது) மற்றவர்களுடையதைப் போல 2.67 மடங்கு இருந்தது. அதே பகுப்பாய்வு இன்னொன்றையும் காட்டியது. ரெஸ்யூமே எழுதுவது, நேர்முகத்தில் பேசுவது போன்ற திறன்களோடு, இலக்கு வகுப்பது, தன்னம்பிக்கை வளர்ப்பது, துணை நிற்க ஆள் இருப்பது ஆகியவையும் சேர்ந்த திட்டங்களே பலன் தந்தன. திறனை மட்டுமோ ஊக்கத்தை மட்டுமோ தந்தவை போதவில்லை. ஒரு நாள் ஊக்கப் பேச்சாளரை அழைத்து அரங்கை நிறைப்பதால் மாணவருக்கு ஏன் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை என்பது இதிலிருந்து புரியும்.

ஸ்டீவன் பிரவுன், நான்சி ரையன் கிரேன் இருவரும் 2000இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, வழிகாட்டலில் உண்மையில் வேலை செய்யும் ஐந்து கூறுகளை அடையாளம் கண்டது: மாணவர் தன் இலக்கையும் திட்டத்தையும் கைப்பட எழுதுவது, அவரவர்க்கான தனி விளக்கமும் கருத்தும், வேலை உலகம் பற்றிய தகவல், அந்த வழியில் போனவர்களை நேரில் காண்பது, வீட்டிலும் வெளியிலும் ஆதரவைத் திரட்டுவது. இந்த ஐந்தில் எதற்கும் பெரிய செலவு இல்லை. ஆனால் 300 பேரை ஓர் அரங்கில் உட்காரவைத்து இவற்றைச் செய்ய முடியாது.

எல்லையும் உண்டு. பிரான்சில் 235 வேலைவாய்ப்பு அலுவலகப் பகுதிகளில் படித்த இளைஞர்களை வைத்து நடந்த பெரிய சோதனை ஆய்வு 2013இல் வெளியானது. வேலை தேட உதவி பெற்றவர்களுக்கு நிலையான வேலை சீக்கிரம் கிடைத்தது. ஆனால் அதில் ஒரு பகுதி, உதவி பெறாதவர்களைப் பின்தள்ளிக் கிடைத்தது. நாள் செல்லச் செல்ல அந்த ஆதாயமும் கரைந்தது. வழிகாட்டல் புதிய வேலைகளை உருவாக்காது. இருக்கும் வேலைக்கும் ஆளுக்கும் உள்ள பொருத்தத்தைத்தான் அது சரிசெய்யும். அந்தப் பொருத்தத்துக்கும் மதிப்பு இருக்கிறது: எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில், விண்ணப்பிப்பது எப்படி என்ற பயிலரங்கும் திறன் சான்றிதழும் பெற்ற இளைஞர்களின் வருமானம் நான்கு ஆண்டுகள் கழித்து மற்றவர்களைவிடக் கூடியிருந்தது.

மூடிக்கொண்டே போகும் வாய்ப்புகள்

முதலாண்டில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: அரியர் விழாமல் காப்பது, விழுந்தால் அடுத்த முறையே எழுதி முடிப்பது. வளாகத் தேர்வுக்கு வரும் பெரிய நிறுவனங்கள் பல, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 விழுக்காடு கேட்கும். தேர்வு நாளில் எழுதி முடிக்காத அரியர் இருக்கக் கூடாது என்றும் சொல்லும். சில நிறுவனங்கள் எழுதி முடித்த பழைய அரியரைக்கூடக் கணக்கில் எடுக்கும். இதை முதல் செமஸ்டரிலேயே சொன்னால் மாணவரால் ஏதாவது செய்ய முடியும். ஏழாம் செமஸ்டரில் கேட்டால் அது அவருக்கு ஒரு தீர்ப்பாகத்தான் இருக்கும்.

மூன்றாம் ஆண்டுதான் மிக முக்கியமானது. கேட் தேர்வைப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவரே எழுதலாம், மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும், தேர்வு பிப்ரவரியில். மூன்றாம் ஆண்டில் ஒருமுறை எழுதிப் பார்த்தவருக்கு நான்காம் ஆண்டில் இரண்டாவது வாய்ப்பு இருக்கிறது. பி.எஸ்சி. மாணவருக்கு ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வும் பிப்ரவரியில்தான். மூன்றாண்டுப் படிப்பில் இருக்கும் ஒருவர் இதற்காக ஐந்தாம் செமஸ்டர் தொடக்கத்திலேயே முடிவெடுத்தாக வேண்டும். வேதியியல் படிக்கும் மாணவியிடம் 'அடுத்து என்ன' என்று கேட்டால் பி.எட். என்ற ஒரே பதில் வருவதற்குக் காரணம் ஆர்வக்குறைவு அல்ல. மருந்து நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்களைப் பற்றியோ ஜாம் தேர்வைப் பற்றியோ அவரிடம் யாரும் சொன்னதில்லை.

அரசு வேலையை நாடும் மாணவர்கள் கலை அறிவியல் கல்லூரிகளில் மிகப் பலர், ஆனால் பிளேஸ்மென்ட் செல் அவர்களைத் தன் பொறுப்பாக எண்ணுவதே இல்லை. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே அடிப்படைத் தகுதி. 18 வயது நிறைந்தவர் கல்லூரியில் படிக்கும்போதே பெரும்பாலான பதவிகளுக்கு எழுதலாம். அதில் தமிழ்த் தகுதித் தேர்வில் குறைந்தது 40 விழுக்காடு பெறாவிட்டால் மற்றப் பகுதி திருத்தப்படாது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020 திருத்தத்தின்படி ஒன்றாம் வகுப்பு முதல் அந்தப் பணிக்கான கல்வித்தகுதி வரை முழுவதும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் தமிழ்வழியில் படித்ததற்கான பி.எஸ்.டி.எம். சான்றிதழ் காட்ட வேண்டும். இரண்டு மூன்று பள்ளிகள் மாறிப் படித்தவர் ஒவ்வொரு பள்ளியிலும் போய் வாங்க வேண்டும். அறிவிக்கை வந்த பிறகு அலையத் தொடங்கி, தலைமையாசிரியர் விடுப்பில் இருக்கிறார், பதிவேடு கிடைக்கவில்லை என்று நாள் கடந்து வாய்ப்பை இழப்பவர்கள் உண்டு. இரண்டாம் ஆண்டுக் கோடை விடுமுறையில் இந்தச் சான்றிதழ்களை வாங்கி வைக்கச் சொல்வது ஒரு பத்து நிமிட வழிகாட்டல். அதன் மதிப்பு பத்து நாள் ஆப்டிட்யூட் வகுப்பைவிடக் கூடுதல்.

பட்டம் முடித்தவருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. தொழிற்பழகுநர் சட்டம் 1961இன் கீழ் பட்டதாரிகள் ஓராண்டு பயிற்சி பெறலாம். 2019இல் திருத்தப்பட்ட விதிகளின்படி பட்டதாரிக்கான குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய் ஆனது, அதில் பாதியை மத்திய அரசு ஏற்றது. தென்மாநிலங்களுக்கான தொழிற்பழகுநர் பயிற்சி வாரிய அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. பி.ஏ., பி.காம். படித்தவர்களுக்கும் இடமுண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஓராண்டு அல்லது அதற்கு மேல் வேலை அனுபவம் வந்துவிட்டால் இந்தத் திட்டத்தில் சேர முடியாது. கிடைத்த வேலையில் சேர்ந்து ஓராண்டு கழித்து இதைத் தேடி வருபவருக்கு வழி அடைபட்டிருக்கும்.

நாற்பது நிமிடம் எதற்கு

ஒவ்வொரு மாணவருக்கும் வழிகாட்டுபவரோடு நாற்பது நிமிடத் தனிச் சந்திப்பு ஒன்று தேவை. அதற்கு மாணவர் முன்கூட்டியே ஒரு பக்கத் தாளை நிரப்பிக்கொண்டு வர வேண்டும். மதிப்பெண், அரியர், எந்தப் பாடம் பிடிக்கும், எது பிடிக்காது, ஏன். இதுவரை செய்த வேலைகள் எல்லாம்: அப்பாவின் மளிகைக் கடையில் கணக்கு எழுதியது, திருவிழாவில் நன்கொடை வசூலித்தது உட்பட. பிறகு வீட்டு நிலை. வெளியூர் போக முடியுமா, கல்விக்கடன் எவ்வளவு, சம்பளம் இல்லாமல் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்க முடியும்? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காத ஆலோசனை பாதி ஆலோசனைதான். வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் படிப்பு முடிந்து ஓராண்டு வரைதான் தவணைக்கு அவகாசம். இரண்டு ஆண்டு வீட்டிலிருந்தே போட்டித் தேர்வுக்குத் தயாராகப் போகிறேன் என்பவர், பன்னிரண்டாம் மாதம் கழித்து வரும் தவணையை எப்படிக் கட்டப் போகிறார் என்பதை அந்தத் தாளிலேயே எழுதிப் பார்க்க வேண்டும்.

முதல் பத்து நிமிடம் இந்தத் தாளைச் சேர்ந்து படிப்பது. அடுத்த இருபது நிமிடம் மூன்று வழிகளை எடுத்து ஒப்பிடுவது: முதல் விருப்பம், கைகூடாவிட்டால் இரண்டாவது, ஆறு மாதத்துக்குள் வருமானம் தேவைப்பட்டால் மூன்றாவது. கடைசிப் பத்து நிமிடம் அடுத்துச் செய்ய வேண்டிய மூன்று காரியங்களைத் தேதியோடு மாணவரே எழுதுவது, அடுத்த சந்திப்பைக் குறிப்பது. அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலந்து வகுத்த ஆறு ஆர்வ வகைகளின் அடிப்படையில் அமைந்த ஆர்வச் சோதனைகளை இப்போது பல கல்லூரிகள் கணினியில் நடத்துகின்றன. அச்சடித்த அறிக்கையை மாணவர் கையில் கொடுத்து அனுப்பிவிடுவதுதான் அங்கே நடக்கும் தவறு. அந்த அறிக்கை பேச்சைத் தொடங்க உதவும் ஒரு தாள். விளக்கிச் சொல்ல ஆளில்லாவிட்டால், 'எனக்கு இதெல்லாம் வராது போல' என்ற முடிவோடு மாணவர் போய்விடுவார்.

நேரக் கணக்கு இப்படி வருகிறது. 600 இறுதியாண்டு மாணவர்கள், ஒருவருக்கு 40 நிமிடம் என்றால் 400 மணி நேரம். ஒரே பிளேஸ்மென்ட் அலுவலர் நாளுக்கு 3 மணி நேரம் ஒதுக்கினாலும் 133 நாள். ஒரு செமஸ்டருக்கு ஏறத்தாழ 90 வேலை நாள்தான். தனி ஆளால் முடியாது என்பதற்காகக் கைவிட வேண்டியதில்லை. ஓர் ஆசிரியருக்கு 20 மாணவர் என்ற வழிகாட்டி ஆசிரியர் முறை பல கல்லூரிகளில் ஏட்டளவில் ஏற்கெனவே இருக்கிறது. அவருக்கு ஒரு செமஸ்டரில் 14 மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆகும், வாரம் ஒரு மணி நேரம் போதும். இப்போது அந்தச் சந்திப்பு வருகைப் பதிவையும் மதிப்பெண்ணையும் கேட்டுக் கையெழுத்து வாங்குவதோடு முடிகிறது. ஆசிரியர்களைக் குறைசொல்லிப் பயனில்லை, பலருக்கு வளாகத்துக்கு வெளியே உள்ள வேலைச் சந்தையோடு தொடர்பில்லை. பிளேஸ்மென்ட் செல் ஒவ்வொரு துறைக்கும் நான்கு பக்கக் குறிப்பு ஒன்று தயாரித்துக் கொடுக்க வேண்டும்: கடந்த மூன்று பேட்ச் மாணவர்கள் எங்கே இருக்கிறார்கள், எந்தத் தேர்வு வழியாகப் போனார்கள், தொடக்கச் சம்பளம் என்ன, எந்த மாதத்தில் விண்ணப்பித்தார்கள். இந்தக் குறிப்பு இல்லாமல் வழிகாட்டி ஆசிரியர் தன் காலத்து அனுபவத்தைத்தான் சொல்ல முடியும்.

வெளியிலிருந்தும் உதவி உண்டு. ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கும் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தைப் பலர் பதிவு புதுப்பிக்கும் இடமாகவே அறிவார்கள். அங்கே தன்னார்வப் பயிலும் வட்டம் வழியாகப் போட்டித் தேர்வுகளுக்குக் கட்டணமில்லாப் பயிற்சி நடக்கிறது. 2022 மார்ச் 1இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் திறன் படிப்புகளைக் கல்லூரிக்குள்ளேயே கொண்டுவந்திருக்கிறது. ஆனால் எந்தப் படிப்பு யாருக்கு என்பதைப் பேசி முடிவெடுக்க ஆளில்லாத கல்லூரியில், முழு வகுப்பும் ஒரே படிப்பில் சேர்க்கப்படும். சான்றிதழ் கைக்கு வந்தாலும் நேர்முகத்தில் அதைப் பற்றிய இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்காது.

நேர்முகத்தில் பெரும்பாலோர் தடுமாறும் இடம் இறுதியாண்டு ப்ராஜெக்ட். ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கொடுத்து வாங்கிய வேலையை ரெஸ்யூமேயில் போட்டவரிடம், 'இதில் நீங்கள் செய்தது எது? ஏன் இந்த முறையைத் தேர்ந்தெடுத்தீர்கள்? எங்கே தவறு வந்தது?' என்று மூன்று கேள்வி கேட்டால் முடிந்தது. சிறிய வேலையாக இருந்தாலும் சொந்தமாகச் செய்தவர் எங்கே சிக்கியது என்பதைச் சொல்வார், அந்தப் பதிலைத்தான் கேட்பவர் எதிர்பார்க்கிறார். ஆகவே வழிகாட்டி ஆசிரியர் ஆறாம் செமஸ்டரிலேயே தலைப்பைப் பேசி முடிக்க வேண்டும். மற்றபடி ரெஸ்யூமே ஒரு பக்கம் போதும். பக்கத்தை இரண்டு நெடுவரிசையாகப் பிரித்த அமைப்பும் கட்டங்களும் படங்களும் வைத்த ரெஸ்யூமேயைச் சல்லடை போடும் மென்பொருள்கள் பல தவறாகப் படிக்கும்.

ஆஃபர் வந்த பிறகு

இங்கே கல்லூரிகள் பெரும்பாலும் கை கழுவிவிடுகின்றன. ஆண்டுக்கு 3,60,000 ரூபாய் என்று எழுதியிருந்தால் மாதம் 30,000 கைக்கு வரும் என்று மாணவரும் வீட்டாரும் நினைக்கிறார்கள். அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் கட்டும் வருங்கால வைப்பு நிதி 12 விழுக்காடு, 1,800 ரூபாய். பணிக்கொடைக்கு 4.81 விழுக்காடு, ஏறத்தாழ 720. மருத்துவக் காப்பீடு ஒரு 500. செயல்திறனைப் பொறுத்துத் தரும் பகுதி மொத்தத்தில் 10 விழுக்காடு என்றால் 3,000. இவையெல்லாம் அந்த 30,000க்குள் அடக்கம். மிச்சம் ஏறத்தாழ 24,000. அதில் தொழிலாளர் பங்கு வைப்பு நிதி 1,800ம் தொழில் வரியும் போனால் கையில் வருவது சுமார் 22,000. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு சென்னைக்கு வருபவர் அதற்கேற்ற வாடகையில் அறை பார்ப்பார். தெரியாமல் வருபவர் நான்கு மாதத்தில் ஊர் திரும்புகிறார், அந்த வேலையும் போகிறது.

பெண்களைப் பொறுத்தவரை ஆஃபர் வந்த பிறகு வீட்டில் அனுப்ப மறுப்பது இன்னும் பெரிய இழப்பு. பெற்றோரிடம் ஐந்தாம் செமஸ்டரிலேயே பேசத் தொடங்க வேண்டும்: எந்த ஊர், இரவுப் பணி உண்டா, வண்டி வருமா, எங்கே தங்குவது. வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகளைப் பற்றிய விவரம், அதே ஊரிலிருந்து போய் இப்போது வேலையில் இருக்கும் ஓர் அக்காவின் தொலைபேசிப் பேச்சு ஆகியவை பெற்றோரின் மனத்தை மாற்றும் அளவுக்கு வேறெதுவும் மாற்றுவதில்லை.

வெளிநாட்டு வேலை மோசடிகளைப் பற்றியும் கல்லூரியிலேயே சொல்லியாக வேண்டும். 2022இல் தாய்லாந்தில் ஐடி வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கி, பின்னர் மீட்கப்பட்டார்கள். 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் கீழ் பதிவுபெற்ற முகவர், வேலைக்கு அனுப்ப 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். லட்சங்களில் கேட்பவரிடமும், சுற்றுலா விசாவில் அனுப்புகிறேன் என்பவரிடமும் பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். முகவரின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

வேலைவாய்ப்பு விழுக்காட்டை எப்படிப் படிப்பது

'95 விழுக்காடு பிளேஸ்மென்ட்' என்ற விளம்பரத்தில் முதலில் கேட்க வேண்டியது, எதில் 95 என்பதுதான். 600 பேரில் அரியர் உள்ளவர்கள், மேற்படிப்பு என்று எழுதிக் கொடுத்தவர்கள், பதிவு செய்யாதவர்கள் நீங்கி 300 பேரைத் 'தகுதியும் விருப்பமும் உள்ளவர்கள்' என்று கொண்டால், 285 பேருக்கு வேலை கிடைத்ததும் 95 வந்துவிடும். மொத்த மாணவரோடு வகுத்தால் அது 47.5தான். ஒருவருக்குக் கிடைத்த மூன்று ஆஃபரை மூன்றாக எண்ணுவதும் நடக்கிறது. சராசரிச் சம்பளமும் ஏமாற்றும். ஒன்பது பேருக்கு 3 லட்சம், ஒருவருக்கு 30 லட்சம் என்றால் சராசரி 5.7 லட்சம், ஆனால் பட்டியலின் நடுவில் நிற்பவர் வாங்குவது 3 லட்சம். மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசை கேட்பது இந்த நடுமதிப்பைத்தான். அந்தத் தளத்தில் கல்லூரிகள் கொடுத்த ஆவணத்தில் வெளியேறியவர் எத்தனை பேர், வேலை பெற்றவர் எத்தனை பேர், நடுமதிப்புச் சம்பளம் என்ன என்று ஆண்டுவாரியாக இருக்கும். கல்லூரியில் சேர்வதற்கு முன் பெற்றோர் பார்க்க வேண்டியது அது.

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தவுடன் கணக்கை முடித்துவிடுவதால்தான், ஆஃபர் கொடுத்துவிட்டு ஓராண்டுக்கு மேல் பணியில் சேர்க்காத நிறுவனங்களும் வெற்றிப் பட்டியலில் இடம்பெறுகின்றன. படிப்பு முடிந்த ஆறாம் மாதம் ஒருமுறை, பதினெட்டாம் மாதம் ஒருமுறை ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து ஐந்து கேள்வி கேட்டால் போதும். வேலையில் சேர்ந்தாயிற்றா, என்ன வேலை, கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு, படித்ததில் எது பயன்பட்டது, இரண்டாம் ஆண்டிலேயே யாராவது சொல்லியிருக்கலாம் என்று நினைப்பது எது. 600 பேருக்கு ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்றால் ஒரு முறைக்கு 50 மணி நேரம். கடைசிக் கேள்விக்கு வரும் பதில்களைத் துறைவாரியாகத் தொகுத்து, ஜூனில் வழிகாட்டி ஆசிரியர்கள் கைக்குப் போகும் நான்கு பக்கக் குறிப்பின் முதல் பக்கத்தில் வைக்க வேண்டும்.